மேடு இல்லாத ரிம்

இசைவாணியின் தம்பி இனியவன் அந்த வண்டியை வாங்கி வந்த நாளில் தெருவே கூடி நின்று பார்த்தது. பழைய காலத்து மோஸ்தரில் புதிதாக வந்த பைக். உருண்டை ஹெட்லைட், கரும்பச்சை டேங்க், இரண்டு சக்கரங்களிலும் பளபளக்கும் ஸ்போக்ஸ் கம்பிகள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக அரசுப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனவன் அவன்தான். யாருடைய வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தாரோ, அந்த வயலை ஒட்டியே ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கிய பிறகுதான் அவர்களுடைய அப்பா கண்ணை மூடினார். மகனின் வண்டிக்கு அம்மா நாகம்மாள் சந்தனம் வைத்தாள்.

பள்ளிக்கூடம் மன்னார்குடிக்குப் போகும் வழியில் இருந்தது. தினமும் போக வர அறுபது கிலோமீட்டர், அதில் பாதி ஆற்றங்கரைச் சாலை. கருவேல முள்ளுக்கும் செங்கல் லாரியிலிருந்து உதிரும் ஆணிக்கும் குறைவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று முறை பஞ்சர். ஸ்போக்ஸ் சக்கரத்தில் டியூப் உள்ளே இருப்பதால் சக்கரத்தையே கழற்றி, டயரை நெம்பி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். மூன்றாவது முறை சித்திரை வெயிலில் நாலு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராக வலங்கைமானுக்கு வந்துவிட்டான்.

வலங்கைமானில் இசைவாணியின் கணவன் இளவழகனுக்கு டயர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. இசைவாணி அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் இருப்பாள்.

"டியூபைத் தூக்கிப் போட்டுட்டு டியூப்லெஸ்ஸா மாத்திக் குடுங்க மாமா" என்றான் இனியவன். "நாலஞ்சு ஸ்போக்ஸ் வண்டிக்கு நீங்க செஞ்சு குடுத்திருக்கீங்கல்ல?"

இளவழகன் முன்சக்கரத்தைக் கழற்றி, டயரை எடுத்துவிட்டு, ரிம்மின் உள்பக்கம் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மச்சினனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தான்.

"வழவழன்னு இருக்கா? டியூப்லெஸ்ஸுக்குன்னு செய்யிற ரிம்ல, ஓரத்தை ஒட்டி உள்ள சின்னதா ஒரு மேடு சுத்திலும் ஓடும். காத்து குறைஞ்சாலும் டயரை நகர விடாம அதுதான் பிடிச்சுக்கும். நான் செஞ்சு குடுத்த வண்டியில எல்லாம் அது இருந்துச்சு மாப்ள. இதுல இல்ல."

"கம்பி ஓட்டையைத்தான் அடைச்சுடுவீங்களே."

"ஓட்டையை அடைச்சா காத்து நிக்கும். ஆனா என்னிக்காவது காத்து இறங்கிட்டா, ஒரு வளைவுல டயர் ரிம்மை விட்டு கழண்டுக்கும். டியூப்லெஸ் டயரையே போட்டு உள்ள டியூப் வச்சுத் தரவா? இல்ல, கம்பி இல்லாத அலாய் வீல் மாத்திக்க."

"இந்தக் கம்பிக்காகத்தான மாமா வண்டியே வாங்கினேன்!"

சாப்பிட்டுவிட்டுப் போ என்று இசைவாணி சொல்லியும் அவன் நிற்கவில்லை. பழைய டியூபையே ஒட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். மறுநாளே நாகம்மாள் போன் செய்தாள். "ஊருக்கெல்லாம் செய்யிறாரு உன் வீட்டுக்காரரு. என் புள்ளைக்குன்னா மட்டும் சட்டம் பேசுறாரு. வாத்தியாரா இருக்கானேன்னு மனசுல ஏதும் இருக்கோ என்னமோ."

அந்தப் பேச்சு இசைவாணியைக் குத்தியது. தன் கணவனுக்கு அப்படியொரு புத்தி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை அம்மாவிடம் சொல்லி வாதாடுவதைவிட, காரியத்தை முடித்துக் கொடுத்து அம்மாவின் வாயை அடைப்பது சுலபம் என்று நினைத்தாள். ஒரு வாரம் விடாமல் கேட்டாள்.

"தெரிஞ்சே செய்யச் சொல்றியா?" என்றான் இளவழகன்.

"பக்குவமா செஞ்சா ஆகாதா? அவன் என்ன படிக்காதவனா? எதெதுல கவனமா இருக்கணும்னு சொன்னா கேட்டுக்க மாட்டானா? எனக்காகச் செய்யுங்க."

அவளுக்காக என்று அவள் கேட்டால் அவன் மறுத்ததில்லை.

இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து மூன்று நாள் எடுத்துக்கொண்டான். ரிம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு கம்பியின் முனையையும் துடைத்து, ஒவ்வொன்றின் மேலும் பசை வைத்து, ஒரு முழு நாள் காயவிட்டு, அதன் மேல் பட்டையாக டேப் சுற்றினான். டயரை மாட்டிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை.

வண்டியை எடுத்துப்போக இனியவன் வந்த அன்று, டீ கொண்டுவந்த இசைவாணி கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த நிலைப்படியில் நின்றாள். இளவழகன் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது.

"வாரம் தவறாம காத்து பாக்கணும். மீட்டர்ல இந்தக் கோட்டுக்குக் கீழ போனா வண்டியை எடுக்கவே கூடாது. ஹேண்டில் லேசா ஆடுற மாதிரி தெரிஞ்சாலும் உடனே ஓரங்கட்டிடு. பின்னாடி ஆள் வச்சுக்கிட்டு வேகமாப் போகாத. ஒரு வருசத்துக்குள்ள மேடு வச்ச ரிம் வாங்கி மாத்திடணும், அதுக்கு நானே கம்பி கோத்துத் தர்றேன். நான் சொல்றது புரியுதா? இது சரியான வேலை இல்ல மாப்ள. உங்க அக்கா கேட்டதால செஞ்சிருக்கேன்."

"நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்குறேன், நீங்க எனக்கு எடுக்குறீங்க" என்று சிரித்தான் இனியவன். "சரி மாமா, சரி. அக்கா, டீயைக் குடு."

ஆரம்பத்தில் இளவழகன் வாரா வாரம் போன் செய்து "காத்து பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நாலாவது வாரம் இனியவன் எரிச்சலாக ஏதோ சொன்னான் போலிருக்கிறது. அதோடு கேட்பதை விட்டுவிட்டான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடியில் ஒரு ஆணி ஏறியது. வழியிலேயே சக்கரத்தைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் ஒரு ரப்பர் குச்சியைச் செருகி அடைத்துவிட்டு இனியவன் பள்ளிக்குப் போய்விட்டான். அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினான். 'மாமா கிரேட்' என்று எழுதியிருந்தான். இசைவாணி கணவனிடம் காட்டினாள். பார்த்தீர்களா என்பது போல. அவன் படத்தைப் பெரிதாக்கி டயரின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் அரிதாக வந்த ஒரு முகூர்த்த நாள். மன்னார்குடியில் கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு இனியவனின் மனைவி பிரதீபா கிளம்பினாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனாள். பிரதீபா நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரி. அவளுடைய அப்பா நாகநாதனுக்குச் சொந்தமாகப் படகு உண்டு. கல்லூரியில் பழகி, வேறு சாதியில், அதுவும் அந்தத் தெருவில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவர் இரண்டு வருடம் மகளோடு பேசவில்லை. அந்த வருடப் பொங்கலுக்குத்தான் முதல் தடவையாகப் போன் செய்திருந்தார்.

அறுவடை நேரம். ஆற்றங்கரைச் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். மதகுக்கு முன்னால் இருந்த வளைவில் நெல்லை விட்டு ஒதுங்கி இனியவன் வண்டியைத் திருப்பியபோது, முன்சக்கரத்திலிருந்து டயர் கழன்றது. வெறும் ரிம் தாரில் உரச, வண்டி படுத்துக்கொண்டே போய் மதகுக் கட்டையில் மோதியது. இனியவன் நெல்லின் மேல் விழுந்தான். தோள்பட்டை எலும்பு விலகியதோடு போயிற்று. கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிய பிரதீபாவுக்கு வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்து, முட்டி நொறுங்கியது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இசைவாணியும் இளவழகனும் போய்ச் சேர்ந்தபோது பிரதீபாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மாடிப்படியில் வைத்து நாகம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாகநாதன் வந்துட்டாரு. எப்படி ஆச்சு, எதனால ஆச்சுன்னு துருவுறாரு. மாமா ஒண்ணும் எச்சரிக்கலைன்னு உன் தம்பி சொல்லிட்டான். நீயும் அதையே சொல்லிடு."

"அம்மா, நான் அங்கயே நின்னேன்."

"நின்னா என்ன? தெரிஞ்சே பொண்ணை ஏத்திக்கிட்டுப் போனான்னு தெரிஞ்சா அந்த ஆளு அவளைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு. நம்மளைப் பத்தி ஏற்கெனவே என்ன நினைக்கிறாருன்னு உனக்குத் தெரியாதா? உன் தம்பி வாழ்க்கை போயிடும். உன் வீட்டுக்காரருக்கு என்ன போகப்போவுது? நாலு நாள் பேசுவாங்க. அவரு நல்ல மனுசன், தாங்கிக்குவாரு."

மேலே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. நாகநாதன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வெயிலில் கறுத்த, நெடிய மனிதர். கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு இனியவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இளநீர் வாங்கப் போயிருந்த இளவழகன், இரண்டு காய்களைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறி வந்தான்.

"ஏம்மா" என்று நாகநாதன் இசைவாணியைப் பார்த்துக் கேட்டார். "வண்டியைக் குடுக்கும்போது நீயும் கூட இருந்தியாமே. இப்படி ஆகும்னு உன் வீட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னாரா? உள்ளதைச் சொல்லு."

அம்மாவின் விரல்கள் அவளுடைய முழங்கைக்கு மேல் அழுந்தின. இனியவன் நிமிரவே இல்லை. இளவழகன் படியின் கடைசியில் நின்று அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயமோ கெஞ்சலோ எதுவும் இல்லை. அவள் சொல்லப் போகும் பதிலை ஏற்கெனவே தெரிந்தவன் போல, சாதாரணமாக, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லிவிடுவாள் என்று அவ்வளவு நம்பினான்.

"சொன்ன மாதிரி எனக்குத் தெரியலைங்க" என்றாள் இசைவாணி. "நான் அடுப்படியில இருந்தேன்."

நாகநாதன் இளவழகன் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. ரெண்டு உசுரு போற வண்டியாச்சே."

இளவழகன் இளநீர்க் காய்களை ஒரு நாற்காலியில் வைத்தான். அவை உருண்டுவிடாமல் ஒன்றோடொன்று அண்டக் கொடுத்தான். "நான் செஞ்சு குடுத்திருக்கக் கூடாதுங்க. தப்பு என்னுதுதான்" என்றான்.

இரண்டு நாள் கழித்து உடைந்த வண்டியை மினி லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அவன் முன்சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்ததை இசைவாணி ஜன்னல் வழியாகக் கண்டாள். பசையும் டேப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன. டயரின் நடுவில் அரை விரல் நீளத்துக்கு ஒரு கருவேல முள் ஒடிந்து உள்ளே இருந்தது. ஏறிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். முனை மழுங்கிக் கறுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கியிருக்கிறது. ஒரு முறை அளந்து பார்த்திருந்தால் போதும். அவன் அந்த முள்ளை இடுக்கியால் பிடுங்கி எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டான். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

பேச்சு நாலு நாளில் நிற்கவில்லை. மச்சினன் பெண்டாட்டியின் காலை எடுத்தவன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட, "பாத்து ஒட்டுங்க" என்று ஒரு சிரிப்போடு சொன்னார்கள். கடை மூடும் அளவுக்கு ஒன்றும் போகவில்லை. டிராக்டர் டயரும் அறுவடை மெஷின் டயரும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஸ்போக்ஸ் வண்டி எது வந்தாலும், டியூப் மாற்றுவதாக இருந்தாலும்கூட, சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன் எதிர்க்கடையிலிருந்து மீரா உசேன் பாயைக் கூப்பிடத் தொடங்கினான் இளவழகன். "பாய், ஒரு நிமிசம் வந்து நில்லுங்க. நான் சொல்றதை நீங்களும் கேட்டுக்குங்க." உரக்கடை வைத்திருந்த அந்த மனிதர் முதலில் விளையாட்டாக நினைத்தார். பிறகு பேசாமல் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தடி தூரத்தில் வீட்டுக்குள் இசைவாணி இருப்பாள். அவளை ஒருநாளும் கூப்பிடவில்லை.

வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. கரண்ட் பில், அரிசி, அவளுடைய அங்கன்வாடி மீட்டிங் எல்லாவற்றையும் பற்றிப் பேசினான். அவள் வைத்த குழம்பை நன்றாக இருக்கிறது என்றான். கோபித்துக் கத்தினால் காலில் விழுந்துவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. தினமும் காலையில், இன்றைக்கு நானே பேச்சை எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பாள். பிரதீபா நடக்கட்டும், நாகநாதன் மனம் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுவாள். அப்படியே தை பிறந்துவிட்டது.

தை மாதம் பிரதீபா கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கினாள் என்று கேள்விப்பட்டு இசைவாணி ஊருக்குப் போனாள். பிரதீபா கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி மடங்கவில்லை. இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை அவளுடையது, அதுவும் போய்விட்டது.

நாகம்மாள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து பிரதீபா கேட்டாள். "அண்ணி, அண்ணன் எப்படி இருக்காங்க? ஒரு தடவையாவது வரச் சொல்லுங்க. நான் அவங்களைப் பாக்கணும்."

"அவரு எந்த மூஞ்சியோட வருவாரு பிரதீபா?"

"அண்ணன் எதுக்கு வெக்கப்படணும்?" பிரதீபா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "வண்டியில போகும்போதே இவரு என்கிட்ட சொன்னாரு. பின்னாடி ஆள் வச்சுக்கிட்டு வேகமாப் போகக் கூடாதாம், எங்க மாமா சொல்லியிருக்காரு, சரியான பயந்தாங்கொள்ளின்னு சொல்லிச் சிரிச்சாரு. மெதுவாப் போங்கன்னேன். முகூர்த்தம் தப்பிடும்னாரு."

இசைவாணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு முழிச்ச அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன் அண்ணி. அண்ணன் மேல தப்பு இல்ல, இவருதான் கேக்கலைன்னு."

"உங்க அப்பா உன்னைக் கூட்டிட்டுப் போகலையா?"

"கூப்பிட்டாரு. நான்தான் போகலை. கட்டிக்கிட்டேன், இருக்கேன்." அவள் காலைக் கையால் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "அப்பா அந்த வாரமே வலங்கைமானுக்குப் போயி அண்ணனைக் கடையில பாத்துக் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரே. உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் சொல்லலையா?"

அவள் தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று இசைவாணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்களை அன்னிக்குக் கேட்டப்போ அடுப்படியில இருந்தேன்னு சொன்னீங்களாம். அதைப் பத்தி வெளிய பேச வேண்டாம், இசைவாணி பேரு கெட்டுடும்னு அண்ணன் அப்பாகிட்ட கேட்டுக்கிட்டாங்களாம்" என்றாள் பிரதீபா. குரலில் குத்தல் இல்லை. கட்டிலுக்கு அடியில் கோழி ஒன்று குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இசைவாணி அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். இளவழகன் கடை வாசலில் ஒரு டிராக்டர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான்.

"நாகநாதன் வந்தாராமே. ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லி?"

"மூணு மாசமா நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கேன். அவருக்கு எல்லாம் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவன் டியூபைத் திருப்பி அடுத்த பக்கத்தை அமுக்கினான். "அவருக்குத் தெரிஞ்சதால எனக்கு என்ன? ஊரு பேசுறதாலயும் எனக்குப் பெருசா ஒண்ணுமில்ல. நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். எங்கிட்ட மட்டும். யாருக்கும் சொல்ல வேணாம், உள்ள வந்து, நான் கேட்டேங்க, பயந்துட்டேன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா போதும். தீபாவளி வரைக்கும் பாத்தேன். அப்புறம் பாக்கிறதை விட்டுட்டேன்."

"இப்ப சொல்றேன். நான் கேட்டேங்க. எல்லாத்தையும் கேட்டேன். செய்யச் சொன்னதும் நான்தான்."

"பிரதீபா சொல்லிடுச்சு. அதனால இப்ப சொல்ற." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "கையில ஈரம். அந்தச் சுண்ணாம்புக் கட்டியை எடு. இங்க ஓட்டை."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டான்.

மாசியில் பிரதீபாவுக்காக நேர்ந்துகொண்ட கிடாவெட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. இளவழகன் வரவில்லை. பந்தியில் யாரோ ஒருவர் அவன் பேரை இழுத்து, கைராசி கெட்ட ஆள் என்றார். பரிமாறிக்கொண்டிருந்த இசைவாணி குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: அவர் அத்தனையும் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார், நான் நின்று கேட்டேன், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன். இனியவன் எழுந்து கை கழுவப் போனான். "முடிஞ்சு போனதை எதுக்குடி இப்ப கிளறுற, அதுவும் நல்ல நாளும் அதுவுமா?" என்று நாகம்மாள் அழுதாள். பேரை இழுத்தவர், "அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும் தங்கச்சி. இப்ப சொல்லி யாருக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு ரசம் கேட்டார்.

அவள் வீடு திரும்புவதற்குள் யாரோ போனில் அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். "கேள்விப்பட்டேன்" என்றான். அவள் காத்திருந்தாள். "உங்க அம்மா இனிமே வரமாட்டாங்க போலிருக்கு. பங்குனியில அரிசி அங்கேர்ந்து வராது. கடையிலதான் வாங்கணும்" என்றான். முகத்தில் அவள் தேடிய எதுவும் இல்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு அவள் போவதில்லை. அவன் பாய்களையும் தலையணையையும் எடுத்துப் போடுகிறான், அவள் சாப்பாடு எடுத்து வைக்கிறாள், ஒருவர் உடம்பு சரியில்லை என்றால் மற்றவர் மாத்திரை வாங்கி வருகிறார். பார்க்கிறவர்கள் நல்ல தம்பதி என்கிறார்கள். எதையாவது சொல்லிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது. சொல்லி முடித்ததும் வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்கிறான்.